புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றிப் பாடநூலில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. தேர்தலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அவற்றில் 'பொன் வாரியம்' என்ற குழுவும் குறிக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஊரில் புழங்கிய பொன்னைச் சோதிப்பது அதன் வேலை என்பது அறிஞர் கருத்து. காசைக் கண்டதும் நம்பிவிடாத ஊர் அது!

உரைகல் உலோகத்தின் தரத்தைச் சொல்லும். காசின் மீதுள்ள எழுத்து பழையதா, நேற்று வெட்டியதா என்று சொல்லாது. அதற்கு நம் கண்ணும் ஒரு உருப்பெருக்குக் கண்ணாடியும் வேண்டும்.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் உழும்போது உங்களுக்கு ஒரு செப்புக்காசு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே என்ன செய்வீர்கள்? குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பீர்கள். காசு பளபளக்கும். அதன் வரலாறு புளித் தண்ணீரோடு போய்விடும். செம்பின் மீது முதலில் சிவந்த ஆக்சைடும், அதன்மேல் பச்சைக் கார்பனேட்டும் படிய நீண்ட காலம் ஆகிறது. அரித்துப்போன காசுகளில் எழுத்தின் வடிவம் உலோகத்தில் இராது. அந்தக் களிம்பில்தான் தங்கியிருக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது.

இது அறியாமல் செய்யும் பிழை. அறிந்தே செய்வதும் உண்டு. ரோமப் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் பல நகரங்கள் தத்தம் பெயரைக் கிரேக்க எழுத்தில் பொறித்து வெண்கலக் காசு அடித்தன. சில நகரங்களின் காசு அரிது, விலை அதிகம். எனவே தேய்ந்த காசின் எழுத்தை ஊசிமுனைக் கருவியால் திருத்துகிறார்கள். இரண்டு எழுத்தை மாற்றினால் ஊரே மாறிவிடும்! பிறகு பச்சை வர்ணம் பூசிக் களிம்பு என்பார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? காசு தேயும்போது மேடான இடம்தான் முதலில் தேயும். அரசனின் கன்னமும் மூக்கும் மழுங்கியிருக்க, தலைமுடி மட்டும் இழையிழையாகத் தெரிந்தால் ஐயப்படுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்தைச் சுற்றி நுண்ணிய இணைகோடுகள் தெரிகின்றனவா? எழுத்தை எடுப்பாகக் காட்டச் சுற்றுப்புறத்தைச் சுரண்டியிருக்கிறார்கள். களிம்பு எழுத்தின் ஓரத்தில் சட்டென்று அறுந்து நிற்பதும் கெட்ட அறிகுறியே. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே வகைக் காசின் நம்பகமான படத்தோடு ஒப்பிடுங்கள்.

மாற்றம் எல்லாமே மோசடி என்று எண்ணிவிடாதீர்கள். புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டியிருந்தது. செலாவணியிலிருந்து நீக்கவே வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. புதையலோடு மண்ணிலிருந்து வந்ததால் வெட்டும் பழையது என்று உறுதியாகிறது. அழகு கெட்டது என்று யாராவது அந்த வெட்டுகளை நிரப்பிச் சரிசெய்திருந்தால், இந்தக் கேள்வியே நமக்குத் தெரிந்திராது.

என்னைக் கேட்டால், செதுக்குகிறவனைவிடப் பளபளப்பைக் கேட்டு வாங்குகிறவர்மீதுதான் எனக்குக் கோபம். மழுங்கிய காசுக்கு மதிப்பில்லை என்று அவர்தானே சொல்லிக்கொடுத்தார்?

காசு கிடைத்தால் மண்ணோடு காகித உறையில் போடுங்கள். எந்த வயல், எவ்வளவு ஆழம், என்ன தேதி என்று உறைமேல் எழுதுங்கள். பிறகு ஆசிரியரிடம் காட்டுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.