சமவெளியில் காத்திருக்கும் காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த ஆடி பிறக்கும் ஜூலையில்தான் வழக்கமாக ‘டூர் டி பிரான்ஸ்’ சைக்கிள் பந்தயம் நடக்கும். அங்கே காற்றில் அம்மி பறப்பதில்லை. ஆனால், ஆண்டு முழுக்க உழைத்துவிட்டு வந்த ஒரு வீரரின் கனவு அரை மணி நேரத்தில் பறந்துவிடும். அதுவும் மலையில் அல்ல, மேடே இல்லாத சமவெளியில்!

மூன்று வாரம், 21 ஸ்டேஜ். ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு ஸ்டேஜ். எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைவோ அவரே சாம்பியன். மலை ஸ்டேஜ் என்றால் டி.வி. முன்னால் கூட்டம் கூடும். சமவெளி ஸ்டேஜ் என்றால், “கடைசி அஞ்சு நிமிஷம் பார்த்தா போதும்” என்று எழுந்து போய்விடுவார்கள். பெரும்பாலும் அது சரிதான். எல்லோரும் ஒரே கூட்டமாக வருவார்கள், கடைசியில் வேகமானவர் முந்துவார். ஆனால், வானிலை அறிக்கையில் ‘பக்கவாட்டுக் காற்று’ என்று வந்துவிட்டால் கதையே வேறு.

ஏன்? சைக்கிள்காரருக்குப் பெரிய எதிரி காற்று. முன்னால் போகிறவர் அதைக் கிழித்துக்கொண்டு போனால், பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். பஸ்ஸுக்குப் பின்னால் சைக்கிள் மிதித்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும். எதிர்க்காற்று என்றால் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஒளிந்துகொள்ளலாம்.

காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்தால்? மறைவு நேர் பின்னால் கிடைக்காது. சற்றுப் பின்னால், வலப்பக்கமாகத் தள்ளிக் கிடைக்கும். அதனால் முதல் ஆள் சாலையின் இடது ஓரத்தில் போவார். அடுத்தவர் அவருக்குக் கொஞ்சம் பின்னால், வலப்பக்கம். அதற்கடுத்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளி. கொக்குகள் சாய்வாக வரிசை கட்டிப் பறப்பதுபோல ஒரு விசிறி உருவாகும். இதற்கு ‘எச்சலான்’ என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், சாலையின் அகலத்துக்குள் பத்து இருபது பேருக்குத்தான் இந்த விசிறியில் இடம். மிச்சமுள்ளவர்கள் வலது ஓரத்தில், மண்ணைத் தொட்டுக்கொண்டு, ஒற்றை வரிசையில் திணற வேண்டியதுதான். மறைவு கிடையாது. முன்னால் இருப்பவர்கள் வேகத்தைக் கூட்டினால், ஓரத்தில் யாரோ ஒருவருக்கு மூச்சு முட்டும். அவருக்கு முன்னால் ஒரு சைக்கிள் நீள இடைவெளி விழும். அவ்வளவுதான், கொக்கி கழன்ற ரயில் பெட்டி மாதிரி, அவரும் அவருக்குப் பின்னால் வரும் அத்தனை பேரும் நின்றுபோவார்கள். பின்னால் இருப்பவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சரி.

அதனால்தான் அப்படி ஒரு நாளுக்கு முந்தைய இரவில் அணி மேலாளர்களுக்குத் தூக்கம் வராது. வரைபடத்தை விரித்து வைத்துப் பார்ப்பார்கள். எந்த ஊரைத் தாண்டியதும் சாலை திரும்புகிறது, அந்த நேரத்தில் காற்று எந்தத் திசை, எங்கே மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்குகிறது என்று குறித்துக்கொள்வார்கள். “அந்தத் திருப்பத்துக்கு முன்னால் எல்லோரும் முன்வரிசையில் இருக்க வேண்டும்” என்று வீரர்களிடம் சொல்லப்படும். எல்லா அணிகளும் இதையே சொல்லும். முன்வரிசையோ ஒன்றுதான். ஆகவே காற்று வரும் முன்பே பதற்றம் வந்துவிடும். இடித்துக்கொண்டு விழுவதும் அதனால்தான்.

2015 ஜூலை 5. இரண்டாவது ஸ்டேஜ். அந்த ஆண்டு பந்தயம் நெதர்லாந்தில் தொடங்கியது. உட்ரெக்ட் நகரிலிருந்து கடலோர ஸீலாந்துக்கு 166 கிலோமீட்டர். முடியும் இடம் நேல்ட்யே யான்ஸ் என்ற செயற்கைத் தீவு. 1953-ல் கடல் பொங்கி உள்ளே புகுந்து, நெதர்லாந்தில் 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு கடலைத் தடுக்கக் கட்டிய பிரமாண்டமான தடுப்பின் நடுவில் இருக்கிறது அந்தத் தீவு. காற்று வந்தால் ஒளிய இடமில்லை. காற்று வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். வந்தது, மழையையும் கூட்டிக்கொண்டு.

கூட்டம் உடைந்தது. முன்னால் இருபத்துச் சொச்சம் பேர். அதில் பிரிட்டனின் கிறிஸ் ஃப்ரூமும் அவருடைய அணித் தோழர் ஜெரைன்ட் தாமஸும் இருந்தார்கள். பின்னால் மாட்டிக்கொண்டவர்களில் முந்தைய ஆண்டு சாம்பியன் இத்தாலியின் நிபாலி ஒருவர். இன்னொருவர் கொலம்பியாவின் நைரோ குவின்டானா.

குவின்டானா மலையில் பிறந்து, மலைச்சாலையில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போனவர். ஒல்லியான உடம்பு, ஏற்றத்தில் அவரைப் பிடிப்பது கஷ்டம். 2013-ல் இதே பந்தயத்தில் இரண்டாம் இடம். அதுவரை கொலம்பியர் யாரும் டூர் டி பிரான்ஸை வென்றதில்லை. இந்த முறை இவர்தான் என்று ஒரு நாடே காத்திருந்தது. அன்று சமவெளியில் அவர் ஃப்ரூமிடம் இழந்தது 1 நிமிடம் 28 விநாடி.

பிறகு பிரனீஸ் மலைத்தொடரின் முதல் ஏற்றத்திலும் ஃப்ரூம் அவரை 1 நிமிடம் 4 விநாடி முந்தினார். ஆனால், பாரிஸுக்கு முந்தைய நாள் ஆல்ப் துவேஸ் மலையில் குவின்டானா பாய்ந்தார். ஃப்ரூம் திணறினார். ஒரே ஏற்றத்தில் 1 நிமிடம் 20 விநாடி குறைந்தது. போதவில்லை. பாரிஸில் கணக்குப் பார்த்தபோது இருவருக்கும் வித்தியாசம் 1 நிமிடம் 12 விநாடி. காற்றில் போன 1.28-ஐவிடக் குறைவு!

பட்டம் அந்த ஒரு நாளிலேயே போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது. மூன்று வாரத்தில் எத்தனையோ நடக்கிறது. ஆனால், கொலம்பியாவில் அந்த 1 நிமிடம் 28 விநாடியை நினைத்துப் பெருமூச்சு விடாத ரசிகர் இருக்க மாட்டார். அவர்களின் காத்திருப்பு 2019-ல் ஏகன் பெர்னால் வென்ற பிறகுதான் முடிந்தது.

காற்றில் விழுந்தவர் எழவே முடியாதா? முடியும். 2020-ல் லாவூர் நகரில் முடிந்த ஸ்டேஜில் ஸ்லோவேனியாவின் ததே போகாச்சர் 1 நிமிடம் 21 விநாடி இழந்தார். வயது 21. முதல் டூர். அடுத்த நாளே மலையில் பாய்ந்து கொஞ்சம் மீட்டார். கடைசியில் 59 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தையே வென்றார்.

எதிர்பார்த்த காற்று ஏமாற்றுவதும் உண்டு. 2022-ல் டென்மார்க்கில் ஒரு ஸ்டேஜ். கடலுக்கு மேல் 18 கிலோமீட்டர் நீளும் ‘கிரேட் பெல்ட்’ பாலத்தைத் தாண்டி நூபோர் ஊரில் முடிந்தது. பாலத்தின் மேல் கூட்டம் சிதறும் என்று மாதக்கணக்கில் பேச்சு. அன்றைக்குக் காற்று பெரும்பாலும் எதிரிலிருந்து அடித்தது. சிலர் விழுந்தார்கள், எழுந்தார்கள், கூட்டம் சிதறவில்லை. வென்றவர் நெதர்லாந்தின் ஃபாபியோ யாகப்சன். 2020-ல் போலந்துப் பந்தயத்தில் தடுப்புகள் மீது வீசப்பட்டு, உயிருக்குப் போராடி, முகத்தில் பல அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டவர். பாலத்தில் நடக்காத நாடகத்துக்காக வருந்தியவர்கள்கூட, அவர் வென்றதைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அடுத்த முறை சமவெளி ஸ்டேஜ் வரும்போது, ஸ்கோரைப் பார்க்கும் முன் காற்றைப் பாருங்கள். சாலையோரக் கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன? கோதுமை வயல் எந்தப் பக்கம் சாய்கிறது? பட்டத்துக்குப் போட்டியிடுபவர் எத்தனையாவது வரிசையில் இருக்கிறார், பக்கத்தில் அணித் தோழர்கள் இருக்கிறார்களா?

பிறகு, ஹெலிகாப்டர் காட்டும் கூட்டத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். உருண்டையாக இருந்தால் அவசரமில்லை, டீ போட்டுக்கொண்டு வரலாம். கயிறு மாதிரி நீண்டால் வேகம் கூடுகிறது என்று அர்த்தம், உட்காருங்கள். சாய்ந்த விசிறியாக மாறிவிட்டதா? டீ ஆறினாலும் பரவாயில்லை, கண்ணை எடுக்காதீர்கள்.