பெலகொண்டப்பள்ளி ரன்வே

தளி ரோட்ல, பெலகொண்டப்பள்ளியில ஒரு தனியார் ரன்வே இருக்கு, தெரியும்ல? அதைத் தாண்டும்போதெல்லாம் எங்க கேங்ல ஒருத்தனுக்குக் கழுத்து தானா திரும்பும். பைலட் ஆகணுமாம்!

ப்ளஸ் டூவில் இயற்பியல், கணிதம், 18 வயசு, க்ளாஸ் ஒன் மெடிக்கல், 200 மணி நேரம் பறந்த அனுபவம்... கமர்ஷியல் லைசென்ஸுக்கு இதெல்லாம் முக்கியம். செலவு? அரைக் கோடியைத் தொடும். அப்பாவோ சிப்காட்ல ஷிஃப்ட் தொழிலாளி.

'சம்பளம் லட்சத்துல இருக்கட்டும். தூக்கம்?' இதான் அப்பாவோட கேள்வி. நைட் ஷிஃப்ட் பார்த்தவராச்சே!

'2025-ல வார ஓய்வை 36 மணியிலேர்ந்து 48 ஆக்கிட்டாங்கப்பா. அதுக்குப் போதுமான பைலட் இல்லாம டிசம்பர்ல இண்டிகோ ஆயிரக்கணக்குல ஃப்ளைட்டை ரத்து பண்ணுச்சு. ஆள் தேவைப்பா!'

அப்பா பதிலே சொல்லலை. மறுநாள் ஷிஃப்ட் முடிஞ்சு, தூங்காம, நேரா பேங்க்குக்குப் போய் லோன் விசாரிச்சிருக்கார் பாஸ்!