மூச்சும் கணக்கும்

நீந்தத் தெரியாத ஒருவன் நீர்மூழ்கும் கருவியைப்பற்றி எழுதப் புகுந்தால் அன்பர்கள் நகைப்பர். சாவகச்சேரிக்குத் தெற்கே கிடக்கும் பரவைக் கடலில், கச்சாய்த் துறையோரம் இடுப்பளவு நீரில் நின்றதே யான் செய்த கடற்பிரயாணங்களுட் பெரியது. தொல்காப்பியமும் நன்னூலும் கற்பிப்பவனுக்கு வால்வும் அமுக்கமானியும் எதற்கு என்று கேட்பார்க்கு யான் சொல்லத்தக்க விடை ஒன்றே. என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவனுடைய தந்தை கோலூன்றி நடக்கிறார். நாற்பது வயது நிரம்பாதவர். கடலட்டைக்காகச் சிலிண்டர் கட்டி மூழ்கியவர். ஒருநாள் நான்காம் முறை மூழ்கி எழுந்தபின் அவருடைய கால்கள் அவர் சொற்கேட்க மறுத்துவிட்டன.

"மேல வரேக்க ஒண்டும் தெரியேல்லை, ஐயா. படகிலயிருந்து இறங்கேக்கதான் கால் இல்லையெண்டு தெரிஞ்சது" என்றார். கருவி பழுதாயிற்றோ என வினவினேன். "இல்லை, கடைசிமட்டும் நல்லாக் காத்துத் தந்தது" என்றார்.

அந்த மறுமொழி பல நாள் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. கருவி தன் கடமையில் வழுவவில்லை, மனிதர் முடமானார். அங்ஙனமாயின், அக்கருவிக்கு விதித்த கடமையே குறைபாடுடையதன்றோ?

மூழ்குதல் நம்மவர்க்குப் புதிய தொழிலன்று. சுறா திரியும் கடலில் வலம்புரிச் சங்குக்காக மூழ்கிய பரதவரை அகநானூறு காட்டுகின்றது. மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோரின் கருவிகளை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். காலூன்றி விரைவிற் கீழிறங்க ஒரு கல்; அதற்கு ஒரு கயிறு; சிப்பியை இட ஒரு வலைக்கூடை; அதற்கு மற்றொரு கயிறு. 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த பெருங்குளிப்பு போன்றவற்றுக்கு வந்த அராபியர் கொம்பாற் செய்த கௌவியொன்றை மூக்கிற் செருகிக்கொண்டனர். நம்மவர் விரலாற் பொத்திக்கொண்டனர். கல்லொன்றுக்கு ஆள் இருவர். ஒருவர் மூழ்க மற்றவர் இளைப்பாறுவார். ஏறத்தாழ ஒரு நிமிடம். மிகவல்லார்க்கு அதனினுஞ் சிறிது கூட. அவ்வளவே.

மேலிருந்து கயிறு பிடிப்பவன் மைத்துனனாயிருத்தல் வேண்டும் என்பது சங்கு குளிப்போரிடையே வழங்கும் மரபெனச் சொல்லக் கேட்டிருக்கிறோம். உடன்பிறந்தவளின் தாலிக்கு அஞ்சியாவது அவன் கண்ணிமையாது கயிற்றைக் காப்பான் என்பது கருத்து. இதனைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறோம். யான் இதனை ஒரு சிறந்த பொறியியற் கோட்பாடாகவே கொள்கின்றேன். கீழே இருப்பவனுடைய நேரத்தை மேலே இருப்பவன் காக்கின்றான். அவன் காக்கத் தவறினும் கீழே இருப்பவனுடைய நுரையீரல் தவறாது. பழைய குளியாளனுக்கு மூச்சே கடிகாரம். மூச்சு முடிந்தால் எழுந்தேயாக வேண்டும்.

இக்கடிகாரத்தை உடைத்தது 1943ஆம் ஆண்டு பிரான்சு தேசத்திற் பிறந்த கருவி. போர்க்காலப் பெற்றோல் பஞ்சத்தில் வாயுவால் மோட்டார் வண்டியை ஓட்டுதற்கென எமில் காஞ்ஞான் அமைத்திருந்த சீராக்கியை, கூஸ்தோ என்ற கடற்படையினர் மனிதன் மூச்செடுக்க உதவுமாறு அவரோடு சேர்ந்து மாற்றியமைத்தார். உள்ளிழுக்கும்போது மட்டும், சூழ்ந்துள்ள நீரின் அமுக்கத்துக்கு ஒப்பவே காற்றைத் தருவது அதன் நுட்பம். வியத்தற்குரிய நுட்பமே. நம் நாட்டிலும் அது தொடக்கத்தில் நற்பணி செய்தது. 1624இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய திருக்கோணேச்சரத்தின் சிதைவுகளை 1956இல் மைக் வில்சன் முதலியோர் கடலடியிற் கண்டது இத்தகைய கருவியின் துணையாலேயே.

ஆயின் நீரின் கீழ் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டலத்தின் அமுக்கம் கூடுகின்றது. இருபது மீற்றரில் மும்மடங்கு. அவ்வமுக்கத்தில் உள்ளிழுத்த நைதரசன் குருதியிலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து தங்குகின்றது. விரைந்து மேலெழுந்தால், திறந்த சோடாப் போத்தலிற்போல அது குமிழியாகின்றது. குமிழி முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கினால் கால் போகும். 1878இலேயே பிரெஞ்சு அறிஞர் போல் பேர் இதனை விளக்கிவிட்டார். 1908இல் ஹோல்டேன் என்பார் ஆடுகளைக்கொண்டு ஆராய்ந்து, படிப்படியாக எழுதற்குரிய அட்டவணை வகுத்தார். அமெரிக்கக் கடற்படை நெடுங்காலம் கையாண்ட அட்டவணைப்படி, இடையில் நில்லாது மேலெழக்கூடியவன் 60 அடி ஆழத்தில் 60 நிமிடமே இருக்கலாம். 100 அடியில் 25 நிமிடமே. அதுவும் அன்றைய முதன்முழுக்குக்கு. அடுத்தடுத்த முழுக்குக்கு முந்தையதன் எச்சமும் கணக்கிற் சேரும்.

மேனாட்டில் உடைந்த கடிகாரத்தின் இடத்தைப் பயிற்சியும் அட்டவணையும், 1980களின் பின்னர்க் கைக்கடிகாரம் போன்ற கணிப்பொறியும் நிரப்பின. நம் அட்டைச் சுழியோடியிடம் வந்து சேர்ந்ததோ பெரும்பாலும் சிலிண்டர் மட்டுமே. மூச்சு வந்தது, கணக்கு வரவில்லை. விடுமுறையில் மீன் பார்க்க இறங்கும் சீமானுக்கென வகுத்த கருவியை, நாளொன்றுக்குப் பலமுறை மூழ்கிப் பிள்ளைகளுக்குச் சோறு தேடுபவன் முதுகிற் கட்டியிருக்கிறோம். அண்மைக் கடலில் அட்டை குறையக் குறைய அவன் இன்னும் ஆழத்துக்குப் போகின்றான்.

எனவே யான் வேண்டுவது இதுதான். மூச்சுத் தருங் கருவியும் கணக்குத் தருங் கருவியும் இரண்டாக விற்கப்படுதல் ஒழிய வேண்டும். செருப்பில் ஒன்றை மட்டும் விற்கும் வணிகனை நாம் கண்டதுண்டா?

கணக்குக் கருவியை எங்கே பொருத்துவது? இதில் எனக்கும் அம்மாணவனுடைய தந்தைக்கும் நெடிய வாதம் நிகழ்ந்தது. சிலிண்டரிற் பொருத்தலாம் என்றேன். சிலிண்டர் முழுக்குக்கு முழுக்கு மாறும் என்றார். சரியே, நைதரசன் தங்குவது சிலிண்டரில் அன்று, உடலில். சீராக்கியில் என்றேன். அதனை அண்ணனும் தம்பியும் மாறிமாறிக் கொள்வர் என்றார். ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளாதது முகத்திலணியும் கண்ணாடி மூடியொன்றே. முகத்துக்கு முகம் அளவு வேறன்றோ. ஆகவே அதன் பின்வாரில், பிடரிமேற் படியும் இடத்தில் அப்பொறி அமைதல் வேண்டும் என்று இருவரும் ஒருப்பட்டோம்.

அது கண்ணுக்குச் சொல்லுதலினும் உடலுக்குச் சொல்லுதல் நன்று. கடல்நீர் செந்நிற ஒளியை முதலில் விழுங்கிவிடும். சில மீற்றர் ஆழத்திலேயே சிவப்புச் சாயம் கருமையாய்த் தோன்றும். கலங்கல் நீரில் அட்டையைத் தேடிக் குனிந்திருப்பவன் மணிக்கட்டைத் திருப்பிச் சிற்றெண்களைப் படிக்கமாட்டான். நேரம் நெருங்கும்போது வார் பிடரியில் அதிர்தல் வேண்டும். மிக விரைந்து எழுந்தால் வேறுவகையாய் அதிர்தல் வேண்டும். முற்காலத்துச் சிலிண்டர்களில் ஓர் ஒதுக்கு வால்வு இருந்தது. காற்றுக் குறையுமிடத்து மூச்சிழுப்பது கடினமாகும், அதுவே எச்சரிக்கை, பின் கம்பியை இழுத்து எஞ்சிய காற்றைப் பெறுவர். அமுக்கமானி பரவியபின் அது வழக்கொழிந்தது. அதன் கருத்து மட்டும் ஒழியத்தக்கதன்று. ஒன்று சொல்லவேண்டும்: நேரம் கடந்தவனுக்குக் காற்றையே நிறுத்திவிடும் பொறி வேண்டும் என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அது கருவியன்று, கூற்றுவன். எச்சரிக்க வேண்டும், தண்டிக்கலாகாது.

இனி, மைத்துனனை மீண்டும் படகிலேற்றவேண்டும். சுழியோடி மேலே வந்து மூடியைக் கழற்றியதும், "இன்னும் இத்தனை நிமிடம் மேலே இரு" என்பதைப் படகிலிருப்பவன் படிக்கும்படி பெரிய எண்ணிலும் தமிழிலும் அப்பொறி காட்டவேண்டும். மூழ்கியவனுக்கு ஆசை உண்டு, கடன் உண்டு. தன் உடலைப்பற்றித் தானே நடுநின்று தீர்ப்புக் கூறமாட்டான். படகிலுள்ளவன் கூறுவான். அவன் கையெட்டும் இடத்தில் ஒட்சிசன் சிலிண்டரொன்றும் இருத்தல் நன்று. அமுக்க அறை திருகோணமலையிற் கடற்படையிடம் உள்ளது. எங்கள் கரைகளிலிருந்து அது பல மணி நேரப் பாதை.

காற்றடைக்கும் இயந்திரத்தைப்பற்றியும் ஒரு சொல். அதன் காற்றுவாய் தன் புகைவாய்க்கருகே இருந்தால் காபனோரொட்சைட்டும் சிலிண்டருள் அடைபடும். மணமில்லாத நஞ்சு; ஆழத்தில் அமுக்கத்தோடு சேர்ந்து கொடிதாகும். காற்றுவாயை உயரத்தூக்கிய குழாயோடு ஒன்றாகவே வார்த்துவிட்டால் இப்பிழை நேராது.

தமிழில் என்று யான் சொன்னதும் சிலர் புருவம் நெரிப்பர். 'அமுக்கநீக்க நோய்' போன்ற தொடர்களைத் துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டால் யார்க்குப் பயன்? சுழியோடி என்ற அருஞ்சொல்லை ஈழத்து வழக்கு இன்றும் கைவிடவில்லை. அதனை ஆக்கியவர் பண்டிதரல்லர். அத்தகையோரிடமே சொற்கேட்டுக் கருவியில் எழுதுக. எழுதியபின் வேண்டுமானால் எம்போல்வார் சந்திப்பிழை பார்க்கலாம். அதற்குமேல் எமக்கு அதில் வேலையில்லை.

கருவியைச் செம்மையாக்கினால் கடல் இன்னும் விரைவில் வெறுமையாகும் என்பது ஒரு தடை. இது வலுவில்லாததன்று. அட்டைக்கும் சங்குக்கும் கடற்றொழில் திணைக்களம் அனுமதிப் பத்திரம் வழங்குகின்றது. அளவையும் காலத்தையும் அதனாற் காக்கலாம். முடமாகிவிடுவோம் என்ற அச்சத்தைக் கடற்காவலாக வைத்திருப்பது அறமாகாது. அவ்வச்சம் இதுவரை எவரையும் நிறுத்தியதாகவும் தெரியவில்லை. அப்பத்திரம் வழங்கும்போதே கணக்குக் கருவியையும் கட்டாயமாக்கி, விலையிற் பாதியை அரசு ஏற்கலாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றது. நீரமுக்கம் தாங்கும் ஆழமானியும், ஓர் அதிர்பொறியும், சிறு மின்கலமும் அங்குள்ள மாணவர்க்கு எட்டாத பொருள்களல்ல. அவர்களுள் யாரேனும் முன்வருவரேல், பொறியை வைத்துப் பார்க்கத் தம் கண்ணாடி மூடியைத் தர அம்மாணவனுடைய தந்தை இசைந்திருக்கிறார். வார் சற்றே வெடித்திருக்கிறதாம். புதிது மாற்றித் தருவதாகச் சொன்னார்.