பூட்டு நம்முடையது, திறவுகோல் யாருடையது?

தன் வீட்டுத் திறவுகோலை அயலான் கையிற் கொடுத்துவிட்டு, ‘என் வீடு, என் உரிமை’ என்று பேசித் திரிபவனைக் கண்டு உலகம் நகைக்கும். ஆயின், இன்று நம்மில் ஒவ்வொருவரும் அத்தகைய வீடொன்றைச் சட்டைப் பையிற் சுமந்து திரிகின்றோம். கைப்பேசியும் கணினியுமே அவ் வீடு. அவற்றை உள்ளிருந்து ஆளும் இயங்குதளமே அதன் திறவுகோல். அது யார் கையில் உள்ளது என்று எண்ணிப் பார்த்தோமா?

2025ஆம் ஆண்டு அக்தோபர் 14ஆம் நாளுடன், விண்டோசு 10 இயங்குதளத்திற்கு வழங்கிவந்த வழக்கமான காப்புத் திருத்தங்களை மைக்கிரோசாப்டு நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோசு 11 கேட்கும் காப்புச் சில்லு முதலியன பழங்கணினிகள் பலவற்றில் இல்லை. அம்பத்தூர்ப் பகுதியில் யாம் பணியாற்றும் பள்ளியிலும் அத்தகைய கணினிகள் இருந்தன. விற்பனையாளர் ஒருவர் வந்து பார்த்து, அனைத்தையும் கழித்துவிட்டுப் புதியன வாங்குமாறு கூறினார். யாம் பயிற்றுவித்த பழைய மாணவன் ஒருவனோ, “ஐயா, பொறியிற் பழுதில்லை, உள்ளிருந்து ஆள்வதை மாற்றினாற் போதும்” என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து, அவற்றில் இலினக்சை ஏற்றினான். அக் கணினிகளில்தாம் இன்றும் பிள்ளைகள் படிக்கின்றனர். குப்பைக்குப் போகவிருந்தவை பொறிகள் அல்ல. ஏழைப் பெற்றோரின் பணமே!

இழப்பு பணத்தளவில் நிற்பதன்று. 2025 சூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காட்டி, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட நயாரா எரியெண்ணெய் நிறுவனத்திற்கு, அது பணங்கொடுத்துப் பெற்றிருந்த மின்னஞ்சல் முதலிய பணிகளை மைக்கிரோசாப்டு நிறுத்தியது. தில்லி உயர்முறை மன்றத்திற்கு வழக்குச் சென்ற பின்னரே அவை மீண்டன. நிறுத்தப்பெற்றது இயங்குதளமன்று, எனினும், திறவுகோல் வைத்திருப்பவன் கை எத்துணை நீளமானது என்பது அதில் தெரிந்தது. பெருநிறுவனத்திற்கே இந்நிலை எனின், எளியவன் எம்மன்றத்தின் கதவைத் தட்டுவான்?

மாற்று இல்லையோ எனின், உண்டு. நம் ஊரிலேயே உண்டு. சென்னைச் சிடாக்கு நிறுவனத்தார், தெபியன் என்னும் கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு ‘பாசு’ இலினக்சை உருவாக்கி 2007ஆம் ஆண்டு வெளியிட்டனர். அக் காலத்தையொட்டியே, உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட்டு நிறுவனம் இலினக்சுக்கு மாறிக் காட்டியது. 2011 முதல் மாணவர்க்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோசுடன் பாசு ஏற்றப்பெற்றது. நாம் செய்ததென்ன? அதனை அழித்துவிட்டு, விண்டோசின் திருட்டுப் படியை ஏற்றிக்கொண்ட மாணவரை யாம் கண்ணாற் கண்டோம். நோய்நிரல்கள் நுழைவதற்கு அதனினும் அகன்ற வாயில் வேறில்லை!

ஆவடியில் கவச ஊர்திகளை நாமே வடிக்கின்றோம். 2023ஆம் ஆண்டு பாதுகாப்பு அமைச்சகமும் தன் கணினிகளில் விண்டோசை நீக்கி, உபுண்டுவின் வழிவந்த ‘மாயா’வை ஏற்ற முனைந்தது. படைத்துறைக்கு வேண்டிய காப்பு பள்ளிக்கும் வீட்டிற்கும் வேண்டாவோ?

எனினும், ‘நம் நாட்டான் செய்தது’ என்னும் பெயர் ஒன்றே போதாது. மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கவும், பிழை திருத்தவும், மாற்றவும் இயலுமா என்பதே உரைகல். 2023 சனவரியில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சார்பில் அறிமுகமான ‘பார்ஓஎசு’ கைப்பேசித் தளத்திடமும் இவ் வினாவையே தொடுக்க வேண்டும். மூலம் திறந்திருந்தால் மொழியும் உள்ளே நுழையும். திறந்த மென்பொருள்களின் பட்டியல்களையும் கட்டளைகளையும் தமிழார்வலர் பலர் ஊதியமின்றித் தமிழாக்கியுள்ளனர்; தமிழ்99 விசைப்பலகையும் அங்கு விலையின்றிக் கிடைக்கின்றது.

கைப்பேசியில் வழி சற்றுக் கடினமே. ஆண்டிராய்டின் அடித்தளம் திறந்தது. ஆயின், விற்பனைக்கு வரும் பேசிகளில் அதன்மேல் கூகுளின் மூடிய பணிகள் அமர்ந்துள்ளன. அவற்றை நீக்கிக் காப்பை வலுப்படுத்திய கிராபீன்ஓஎசு, கூகுளின் விலையுயர்ந்த பிக்சல் பேசிகளை நம்பியே வளர்ந்தது. வைப்பகச் செயலிகள் சில அதில் இயங்க மறுப்பதும் உண்டு. அதற்கு இயலாதார், வேண்டாச் செயலிகளை நீக்குக. இருப்பிடம், ஒலிவாங்கி, தொடர்புப் பட்டியல் ஆகியவற்றைக் கேட்ட செயலிக்கெல்லாம் திறந்துவிடாதிருக்க. காப்புத் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுக.

கணினியிலோ சாக்குச் சொல்ல இடமில்லை. அன்பர்களே, வீட்டிலுள்ள பழங்கணினி ஒன்றில் இத் திங்களே தொடங்குக! கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, நினைவுக் கோலிலிருந்து இலினக்சை முதலில் இயக்கிப் பார்த்து, நிறைவுற்ற பின் ஏற்றுக! அறிந்தவர் அறியாதவர்க்கு ஏற்றித் தருக! நம் வீட்டின் திறவுகோல் நம் கையிலேயே இருக்கட்டும்!