கணினிக்கு முன் உங்கள் கணக்கு

மாணவர்களே, டயரில் காற்று குறைந்தால் பல கார்களில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள கிளினிக்குகளில் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். இத்தகைய பல கருவிகளுக்குள் அழுத்தத்தை அளப்பது ஒரு மெல்லிய சிலிக்கான் சவ்வு. அழுத்தம் கூடினால் சவ்வு வளையும். வளைந்தால் அதில் பதித்துள்ள நுண்ணிய பகுதிகளின் மின்தடை மாறும். இதுதான் பைசோ மின்தடை விளைவு.

உலோகக் கம்பியை இழுத்தாலும் மின்தடை மாறும். கம்பி நீண்டு மெலிவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். சிலிக்கானிலோ, படிகத்துக்குள் மின்னூட்டம் நகரும் எளிமையே மாறிவிடுகிறது. அதனால் ஒரே அளவு நீட்சிக்கு உலோகத்தைவிட 50 மடங்குகூட மாற்றம் கிடைக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சார்ல்ஸ் ஸ்மித் இதை அளந்து 1954இல் வெளியிட்டார்.

இன்று இந்த உணரியைச் செய்வதற்கு முன்பே கணினியில் சோதித்துப் பார்க்கிறார்கள். காம்சோல் போன்ற மென்பொருள் சவ்வைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, வளைவையும் மின்னோட்டத்தையும் சேர்த்தே கணக்கிடும். படிவம் 5 இயற்பியலில் மீள்தன்மை, அழுத்தம், மின்சாரம் ஆகியவற்றைத் தனித்தனிப் பாடமாகப் படிக்கிறீர்கள். இங்கே மூன்றும் ஒரே சவ்வில் சந்திக்கின்றன. இத்துறை ஆய்வு நமக்குத் தூரமும் அல்ல. பாங்கியில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் நுண்பொறியியல், நானோ மின்னணுவியல் கழகத்தில் நடக்கிறது. நாளை உங்களில் சிலர் அங்கே போகலாம்.

போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. கணினியைத் திறப்பதற்கு முன், விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும்.

முயன்று பாருங்கள். சதுரச் சவ்வின் பக்கம் 1 மில்லிமீட்டர், தடிப்பு 0.02 மில்லிமீட்டர், அழுத்தம் 100 கிலோபாஸ்கல். விசை என்பது அழுத்தம் பெருக்கல் பரப்பளவு. 100,000 × 0.000001 = 0.1 நியூட்டன். இரண்டு 50 சென் நாணயங்களின் எடையைவிடச் சற்றுக் குறைவு. இந்த விசையில் சவ்வின் நடுப்பகுதி ஏறக்குறைய 0.001 மில்லிமீட்டர்தான் கீழிறங்கும். தடிப்பில் இருபதில் ஒரு பங்கு! ஆனால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திரை அதைப் பல மடங்கு பெரிதாக்கி, குழிந்த கிண்ணம்போலக் காட்டும். எண்ணைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாந்து போவார். மில்லிமீட்டருக்குப் பதில் மீட்டர் என்று தட்டிவிட்டாலும் மென்பொருள் கோபப்படாது. தவறான விடையையும் அதே அழகான வண்ணங்களில் காட்டும்.

சிறு சவ்வில் தவறினால் ஓர் உணரி வீண். பெரிய கட்டுமானத்தில் தவறினால்? நார்வேயில் 1991 ஆகஸ்டு 23 அன்று, ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எரிவாயு மேடையின் கான்கிரீட் அடிப்பகுதி மூழ்கி நொறுங்கியது. கணினி மாதிரியில் கட்டங்கள் போதிய அளவு நுணுக்கமாக இல்லை. அதனால் சுவரின் ஒரு பகுதியில் வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்றாலும், இழப்பு சுமார் 700 மில்லியன் அமெரிக்க டாலர். விபத்துக்குப் பின் கவனமாகக் கணக்கிட்டபோது, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். முறை அதேதான். கவனம்தான் வேறு.

“கணினியே செய்யும்போது கையால் எதற்கு?” என்று கேட்பீர்கள். துல்லியமான விடைக்காக அல்ல. அம்மா கடையில் பில் வருவதற்குள் மனத்தில் ஒரு தொகை கூட்டி வைத்திருப்பார். 40 ரிங்கிட் வர வேண்டிய இடத்தில் 400 வந்தால் உடனே கேட்பார். அந்தக் கேள்வி கேட்கும் தகுதி, முதலிலேயே கூட்டிப் பார்த்தவருக்குத்தான் உண்டு.

அடுத்த முறை வகுப்பில் கணினி மாதிரி எதையாவது காட்டினால், பொத்தானை அழுத்துவதற்கு முன் உங்கள் எண்ணை எழுதுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை, ஏன் தவறியது என்று தேடுவதிலும் பாடம் இருக்கிறது. ஆசிரியர்களாகிய நாங்களும் அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கி, அதற்கும் மதிப்பெண் போட வேண்டும்.