கதவைத் திறந்ததும் கேள்வி வேண்டாம்!

சைரன் சத்தம் கேட்டால் நாம் ஒதுங்கி நின்று, "யாருக்கு என்னவோ, பாவம்!" என்கிறோம். வண்டிக்குள் நோயாளியோடு உட்கார்ந்து போகிறவர்களை நினைத்துப் பார்த்திருக்கிறோமா? நானும் நினைத்ததில்லை, என் நாத்தனார் மகள் எங்கள் வீட்டில் தங்கும் வரை.

2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸில் அவளுக்கு வேலை. ஓட்டுகிறவரை 'பைலட்' என்பார்கள். பின்னால் இருந்து முதலுதவி செய்வது இவள். 12 மணி நேர டியூட்டி.

ஒரு நாள் காலை வந்தவள் காபியைத் தொடவில்லை. "அத்தை, ராத்திரி ஒரு சின்னப் பையன்... ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நெஞ்சை அமுக்கிக்கிட்டே போனேன். பிழைக்கலை" என்றாள். நான் சொன்னது என்ன தெரியுமா? "காலங்கார்த்தாலே இதெல்லாம் எதுக்கும்மா? குழந்தைங்க காதில விழப்போகுது!"

அவ்வளவுதான். அப்புறம் இரண்டு மாதம் அவள் வாயே திறக்கவில்லை. சாப்பாடு குறைந்தது. பகலில் தூக்கம் வராமல் புரண்டாள். தொட்டதற்கெல்லாம் எரிச்சல். வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு உன்னை நிறுத்தினது என் தப்பும்மா. சொல்லணும்னா இப்போ சொல்லு" என்றேன். அரை மணி நேரம் அழுதாள்.

இத்தனை நாள் அவளைத் தாங்கியது அந்த பைலட் அண்ணன்தானாம். ஒவ்வொரு கேஸும் முடிந்ததும், "நீ செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டே. மிச்சம் நம்ம கையில இல்லை" என்பாராம். அதே வேலையின் கஷ்டம் தெரிந்தவரிடம் பேசுவது பெரிய மருந்து. வண்டியைச் சுத்தம் செய்து சாமான்களை எடுத்து வைக்கும்போதே மனசும் கொஞ்சம் அடங்குமாம். வண்டியிலேயே பிறந்த குழந்தைகளை ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். மனசு சோரும்போது அதைப் புரட்டுவாளாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி வேலை பார்ப்பவர் இருந்தால், சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது:

• வந்ததும் கேள்வி வேண்டாம். குளிக்க வெந்நீர், சூடாக ஒரு வாய் சாப்பாடு போதும். பேசினால் தடுக்காதீர்கள். பேசாவிட்டால் கிண்டாதீர்கள்.

• இரவு டியூட்டிக்காரருக்குப் பகல்தான் ராத்திரி. ஜன்னலுக்குக் கெட்டித் திரை போடுங்கள். மிக்ஸி வேலையை முன்னாலேயே முடித்துவிடுங்கள். தூங்கப் போகும் முன் காபி தூக்கத்தைக் கெடுக்கும். நான் ஆசையாக நீட்டியதே தப்பு! இப்போது கஞ்சிதான் கொடுக்கிறேன்.

• கெட்ட கனவு, நடந்தது கண்முன்னே திரும்பத் திரும்ப வருவது, யாரோடும் ஒட்டாமை இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல டாக்டரிடம் காட்டுங்கள். இதில் வெட்கம் எதற்கு? 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. இலவசம். தமிழிலேயே பேசலாம்.

அவள் வேலையை விடவில்லை. போன வாரம் செருப்பைக் கழற்றும்போதே, "அத்தை, இன்னிக்குப் பெண் குழந்தை! நல்லா அழுதது!" என்றாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டேன்.