ஏரி மீனும் எங்கள் ஞாயிற்றுக்கிழமையும்

தலித் வாழ்க்கை என்றால் கண்ணீரும் ரத்தமும் மட்டும்தான் என்று யார் தீர்மானித்தது? நம்முடைய பத்திரிகைகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள் தோழர்களே. எரிந்த குடிசை, வெட்டுப்பட்ட உடல், உண்மை அறியும் குழு அறிக்கை, கண்டனக் கூட்டம். இவையெல்லாம் எழுதப்பட வேண்டியவைதான். இன்னும் அதிகமாகவே எழுதப்பட வேண்டும். ஆனால் ஒரு வன்கொடுமைக்கும் அடுத்த வன்கொடுமைக்கும் நடுவில் நம் சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்னத்தைத் தின்றார்கள், எதுக்குச் சிரித்தார்கள் என்பதை எழுத ஆளில்லை. சேரியில் சிரிப்பே கிடையாது என்று நினைக்கிற அனுதாபிக்கும், சேரிக்காரன் சிரிக்கவே கூடாது என்று நினைக்கிற சாதி வெறியனுக்கும் நடுவில் ரொம்ப தூரம் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். நிலத்தைப் போல, நீரைப் போல, தேர் வடத்தைப் போல, ஓய்வும் சந்தோஷமும்கூட இங்கே சாதிவாரியாகப் பங்கு போடப்பட்டிருக்கின்றன. ஆகவே அவற்றையும் நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதை மீனை வைத்துப் பேசலாம்.

வேலைக்கு மனுப்போட்ட காலத்தில் ஒரு நேர்காணலில் என்னைக் கேட்டார்கள், "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" நான் கவிதை எழுதுவேன் என்றேன், மீன் பிடிப்பேன் என்றேன். கவிதைக்குத் தலையாட்டிய அதிகாரி மீனுக்குச் சிரித்தார். "அது தொழில் இல்லையோ? பொழுதுபோக்கைச் சொல்லுங்கோ" என்றார். தபால்தலை சேகரிப்பது பொழுதுபோக்கு. பூந்தொட்டிக்குத் தண்ணி ஊற்றுவது பொழுதுபோக்கு. ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பது மட்டும் வயிற்றுப்பாடு. நாம் எது செய்தாலும் அது உழைப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திருட்டாக இருக்க வேண்டும். சும்மா, பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு காரியத்தைச் செய்கிற மனுசனாக நம்மைப் பார்க்க அவர்களுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் தூண்டில் போடுவதைப் பெருமையான விளையாட்டாக ஆங்கிலத்தில் எழுதி வைத்ததில் சென்னை மாகாணத்துக்குப் பங்கு உண்டு. சென்னை சிவில் சர்வீசில் இருந்த ஹெச். எஸ். தாமஸ் என்கிற வெள்ளைக்கார அதிகாரி 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதென்று 1887இல் ஏரி, குளத்தில் தூண்டில் போடுவதற்கென்றே 'டேங்க் ஆங்கிலிங் இன் இந்தியா' என்று தனியாக இன்னொன்று. துரை தூண்டில் போட்டால் அது கலை, புத்தகம், நூலக அலமாரி. அதே மாதிரி ஏரியில் நம் பாட்டன் போட்டால் அது பசி. பாட்டன் அறிந்ததை எழுதி வைக்க அவன் கையில் எழுத்தைக் கொடுக்கவில்லை.

ஆனால் அறிவு இருந்தது. விழுப்புரம் பக்கத்தில் எங்கள் ஏரிக்கரையில் வளர்ந்தவன் நான். ஐப்பசி, கார்த்திகையில் கலிங்கல் போகும்போது தண்ணியை எதிர்த்து மீன் ஏறும். அப்போது ஊத்தாவுக்கு வேலை இல்லை, பறி வைக்க வேண்டும். கோடையில் ஏரி சுருங்கி முழங்கால் தண்ணி நிற்கும்போது ஊத்தாவும் கையும்தான். எங்க ஆயா சேற்றுக்குள் கையை விட்டுத் தடவியே மீன் பேர் சொல்லும். "விரால் வழுக்கும், கெளுத்தி குத்தும். ரெண்டுத்துக்கும் ஒரே பிடி புடிச்சா கைதான்டா போவும்" என்று சொல்லும். விரால் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று கூட்டமாய் மேலே மிதந்து வந்தால் கீழே பெரிய விரால் காவலுக்கு நிற்கிறது என்று அர்த்தம். அப்போது தூண்டில் போட்டால் தவறாமல் கடிக்கும். எங்க அப்பா போடமாட்டார். "புள்ளையக் காக்கறத புடிக்கக் கூடாது" என்பார். இதை எந்த மீன்வளத் துறையும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

பிடித்ததை அங்கேயே ஆக்குவோம். மூணு கல், காய்ந்த முள்ளு விறகு, வீட்டிலிருந்து கொண்டு போன சட்டி, புளி, மிளகாய்த்தூள், கரையோரத்து மாமரத்தில் விழுந்த ரெண்டு மாங்காய். விரால் கிடைத்தால் ஒன்றைக் குழம்புக்குப் போடாமல் வைக்கோலில் சுட்டு, தோலை உரித்து, உப்பைத் தடவிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். வீட்டில் அடுப்புப் பக்கம் போகாத அப்பா இங்கே கரண்டி பிடிப்பார். அம்மாவும் அத்தையும் புளிய மரத்தடியில் வெத்தலை போட்டுக்கொண்டு, "உப்பு பத்தல மாமா" என்று கிண்டல் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பொடிசுகள் கிட்டிப்புள் ஆடும். மாமாவின் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு யாரும் யாருக்கும் கூலி இல்லை. யாரும் யாரையும் பேர் சொல்லி ஏவவில்லை. ஊர்த்தெருக்காரர்கள் வேன் பிடித்துப் போய் இதையே செய்தால் பிக்னிக். நாங்கள் செய்தால் "ஊர் மேயறானுங்க."

அந்த மரத்தடியைப் பற்றி ஒரு வார்த்தை. வாரம் முழுக்க களையெடுத்து, வந்து உலை வைக்கிற பெண்ணுக்கு அந்த ஒரு பொழுதுதான் கால் நீட்டுகிற பொழுது. ஆண்கள் மீன் பிடிக்கிற சந்தோஷத்தை வைத்துக்கொண்டு, கழுவுவதையும் அரைப்பதையும் பெண்கள் தலையில் கட்டினால் அது ஆண்களின் ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை ஆகாது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது, 'சங்கதி' 1994இல் வந்தது. சேரிப் பிள்ளைகளின் விளையாட்டையும் பெண்களின் கேலிப் பேச்சையும் அந்தப் புத்தகங்கள் அடியும் உதையும் எழுதிய அதே பக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்தன. அழுகையைப் படித்துக் கொண்டாடியவர்கள் அந்தச் சிரிப்பை எத்தனை பேர் கவனித்தார்கள்?

சரி, இப்போது அந்த ஏரி யாருடையது? காகிதத்தில் அது அரசாங்கத்துடையது. பெரிய ஏரி என்றால் முன்பு பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. சின்ன ஏரி என்றால் ஊராட்சி ஒன்றியம். அதன் மீன் மகசூலைக் குத்தகைக்கு விடுகிறார்கள். மீன்பாசி ஏலம் என்று பேர். ஜூலை 1இல் தொடங்கும் பசலி ஆண்டைக் கணக்கில் வைத்து இது நடக்கும். ஏலம் ஆபீசில் நடப்பதற்கு முன்னால் கோயில் திண்ணையில் நடந்து முடிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யார் கேட்பது, எவ்வளவுக்குக் கேட்பது, யார் வாயை மூடிக்கொண்டு நிற்பது எல்லாம் அங்கேயே முடிவாகும். குத்தகைக்காரர் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சு வாங்கி விடுவார். கூடவே ஜிலேபியும் பெருகும். அதற்குப் பிறகு விராலும் கெளுத்தியும் குரவையும் உட்பட ஏரியில் நீந்துவது எல்லாமே அவர் சொத்து.

எங்கள் சொந்தத்தில் ஒரு பையன், ஏழாவது படிக்கிறான். பள்ளிக்கூட லீவில் கரையில் உட்கார்ந்து நாலு ஜிலேபி பிடித்தான். குத்தகைக்காரனின் ஆட்கள் தூண்டிலை முறித்து, மீனைத் தண்ணியில் எறிந்து, சாதி பேரைச் சொல்லித் திட்டி அனுப்பினார்கள். அதே கரையில் இருபதடி தள்ளி அவர்கள் தெருப் பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுடையது விளையாட்டு. இவனுடையது திருட்டு.

இந்த ஏரிக்கரையில் மண் சுமந்தது யார்? மதகு திறந்து, தண்ணி அளந்து, ராத்திரியில் மடை பார்த்து, வெள்ளத்தில் உயிரைக் கொடுத்து அடைத்தது யார்? தமிழ்நாட்டின் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி, நீராணிக்காரர், மடையர் என்று பேர் பெற்றவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். தண்ணியை எல்லோர் நிலத்துக்கும் கொண்டு போன கைக்கு, அந்தத் தண்ணியில் நாலு மீன் பிடிக்க உரிமை இல்லை என்பது என்ன நியாயம்?

மகத்தை நினைத்துப் பாருங்கள். பொது நீர்நிலைகளைத் தீண்டத்தகாதோர் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டாயிற்று. 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அன்றைக்கு நடந்த இன்னொன்றை நாம் அடிக்கடி பேசுவதில்லை. சாதி இந்துக்கள் மாநாட்டுப் பந்தலுக்குள் புகுந்து அடித்தபோது பலர் ஊர் திரும்புவதற்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆக்கிய சோறு மண்ணில் கொட்டப்பட்டது. ஏனம் உடைக்கப்பட்டது. பொதுக் குளத்துத் தண்ணீரும், திறந்த வெளியில் கூடி உட்கார்ந்து தின்கிற சோறும், இரண்டுமே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் செத்துப்போவோம் என்பதற்காக அங்கே போகவில்லை, நாமும் மனிதர்கள்தான் என்று நிலைநாட்டவே போகிறோம் என்ற பொருளில் அந்த ஆண்டு டிசம்பரில் அம்பேத்கர் பேசினார். தேவைக்கு மட்டும்தான் உரிமை கேட்கலாம் என்கிற வாதம் அங்கேயே உடைந்துபோயிற்று.

நம் சந்தோஷத்தின் மேல் அவர்களுக்குள்ள கோபம் புதுசு இல்லை. 1995 ஆகஸ்ட் 31ஆம் நாள் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது எதை உடைத்தார்கள்? மின்விசிறி, டி.வி., டேப் ரிக்கார்டர், தையல் மிஷின். 2012இல் ஒரு சாதிக் கட்சித் தலைவர் மேடை போட்டுப் பேசியது எதைப் பற்றி? நம் பையன்களின் ஜீன்ஸ் பேண்ட், கூலிங் கிளாஸ் பற்றி. சில ஊர்களில் சேரிக்காரன் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்றுகூடத் தடை இருந்திருக்கிறது. நாய் குரைத்தா அவர்கள் அதிகாரம் போய்விடும்? சோறு பொங்கித் தின்றா போய்விடும்? போகும். அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பயந்து நிற்கிறவனிடம்தான் அதிகாரம் செல்லும். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, நாய்க்கு ஒரு துண்டு மீனைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறவனிடம் அது செல்லாது.

"அடிபட்டுச் சாகிறவர்கள் இருக்கும்போது மீன் குழம்பு பற்றிக் கட்டுரையா? வங்கி உத்தியோகம் உம்மை நடுத்தர வர்க்கமாக்கிவிட்டது" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். வங்கியில் ஞாயிற்றுக்கிழமையோடு ரெண்டாம், நாலாம் சனிக்கிழமையும் எனக்கு லீவு உண்டு, உண்மைதான். அந்த லீவு தொழிற்சங்கம் போராடி வாங்கியது, யாரும் பிச்சை போட்டதில்லை. எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளி எட்டு மணி நேர ஓய்வையும், தனக்கென்று எட்டு மணி நேரத்தையும் சேர்த்துத்தான் கேட்டான். ஆலைத் தொழிலாளிக்கு நியாயமாகப் பட்டது சேரிக் கூலிக்காரனுக்கு மட்டும் ஆடம்பரமா? அத்தனை வேலைகளுக்கு நடுவில் அம்பேத்கர் பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். அதனால் அவருடைய அரசியல் ஒரு அங்குலம் குறைந்ததா?

ஆகவே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு பொது ஏரி, குளம், படித்துறையை சாதி சொல்லி யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தம், பொதுச் சொத்தையும் நீர்நிலைகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மாணவத் தோழர்கள் தங்கள் ஊர் ஏரியின் மீன் குத்தகை யார் பேரில், எவ்வளவுக்கு, எத்தனை வருசமாகப் போகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப்போட்டுக் கேளுங்கள். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கிராமசபையில் எழுந்து நில்லுங்கள். சேரிப் பெண்கள் குழு ஏலம் கேட்டால் கூடவே போய் நில்லுங்கள். குத்தகை யாருக்குப் போனாலும், கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவது எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் பொது என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தருவதற்கு அவர்கள் தயங்குவார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆயாக்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த மாசம் எந்த மீன், ஊத்தா பின்ன எந்தக் குச்சி, எந்த மீனுக்கு மாங்காய், எந்த மீனுக்கு வெறும் புளி, எதைப் பிடிக்காமல் விட வேண்டும். தாமஸ் துரைக்கு ரெண்டு புத்தகம் இருக்கிறது. நம் ஆயாக்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகமாவது வேண்டும்.

அந்த ஏழாவது படிக்கிற பையனுக்குப் புதுத் தூண்டில் வாங்கிக் கொடுத்தாயிற்று. முள்ளும் நரம்பும் தக்கையும் சேர்த்து ஒரு நல்ல பேனா விலைகூட ஆகவில்லை. அவன் எந்தக் கரையில் போய் உட்காருவது என்பதுதான் இப்போது நம் முன்னால் இருக்கிற கேள்வி. அவன் உட்காரும்போது பக்கத்தில் பத்துப் பேர் உட்கார வேண்டும்.